மூடாமல் விட்ட டெர்மினல்

— போனை வச்சிராதீங்க கென்ஜே அக்கா. ஒரு நிமிஷம் கேளுங்க.

— ஷெராலி, நாரின் டவுனுக்குப் போற வேன்ல, மாவு மூட்டைக்கும் தூங்குற ஒரு தாத்தாவுக்கும் நடுவுல நசுங்கிட்டு இருக்கேன். காலைலதான் வேலையை விட்டு அனுப்பினீங்க. ஒரு பொழுதாவது போனவளா இருக்க விடுங்கப்பா.

— பனி உருகி ஏரி அபாயக் கோட்டைத் தாண்டிடுச்சுக்கா. அபாயச் சங்கு ஊதணும். அதை ஊத வைக்கிற கம்ப்யூட்டர் எதைக் குடுத்தாலும் புதுசா எதையும் ஆரம்பிக்க முடியாதுங்குது. கீழ ஆத்தோரம் எங்கப்பா ஆட்டோட இருக்காரு. அங்க போன் எடுக்காது.

— ஆள் போயிருக்கா?

— குதிரையில போறான். தண்ணி முந்திக்கும். பேசாம கம்ப்யூட்டரை அணைச்சுப் போடட்டுமா?

— வேண்டாம், அது திரும்ப எழுந்திரிக்க அரைமணி ஆகும். நேத்து யாரு புதுசா ஸ்கிரிப்ட் போட்டது?

— நான்தான். ஏரி அளவை அனுப்பறதுக்கு.

— அது தன்னையே கூப்பிட்டுக் குட்டி போட்டு இடத்தை அடைச்சிருக்கும்.

— ஆமாக்கா. ஒண்ணைக் கொன்னா ரெண்டு முளைக்குது. அந்த ஸ்கிரிப்ட் ஃபைலை அழிச்சிடலாம்னா, அழிக்கிற கட்டளையே ஓடல.

— எப்படி ஓடும்? அதுவும் தனிப் புரோகிராம்தானே, அதுக்கும் இடம் வேணுமே. கட்டளை அடிக்கிற ஷெல் ஏதாவது திறந்திருக்கா?

— மூலை மேசை டெர்மினல்ல ஒண்ணே ஒண்ணு. புதுசா உள்ள நுழையவே முடியல.

— ஒண்ணு போதும். பாரு, ஷெல்லு எல்லாத்தையும் தலையில தூக்கிட்டு அலையாது. சிலதை ஓரமா வச்சிருக்கும், கேட்டாத்தான் எடுக்கும். ஃபைல் வேலைக்குன்னு ஒரு மாட்யூல் இருக்கு, அதை ஏத்து. அப்புறம் அழிக்கிறதை ஷெல்லே தன் கையால செய்யும். வெளியாளைக் கூப்பிடாது.

— ஏத்திட்டேன். ஒண்ணுமே சொல்லலையேக்கா.

— நல்லபடியா நடந்தா அது வாயே திறக்காது. இப்ப ஃபைலை அழி. மிச்சம் ஓடறதைக் கொல்லு. இனி முளைக்க விதை இல்ல.

— அடங்கிடுச்சு... அக்கா, அடங்கிடுச்சு.

— சங்கைப் போடு.

— கேக்குதா?

— போன்லயே காது கிழியுது. தாத்தா கூட முழிச்சுட்டாரு. அப்பா தெரியறாரா?

— இருங்க, பைனாகுலர்ல பாக்கறேன்... ஆடெல்லாம் மேட்டுல ஏறுது. பின்னாலயே குச்சியோட ஏறுறாரு. திட்டிக்கிட்டே ஏறுறாரு.

— நல்லது. வைக்கிறேன், தலை வலிக்குது.

— அக்கா... இந்த டெர்மினல் உங்களோடதுதான். நேத்து மூடாம சாப்பிடப் போனீங்களே, உங்களை அனுப்பினதே அதுக்குத்தானே. எவனோ அதைப் படம் புடிச்சு ஆபீஸ் பெரியவர்கிட்ட காட்டியிருக்கான். அவனும் மூடாம விட்டுட்டான்போல.

— உங்க பெரியவர் காலைல அந்தப் படத்தை என்கிட்டயும் காட்டினாரு ஷெராலி. திரைக் கண்ணாடியில, படம் புடிச்சவனோட சிவப்புச் சட்டை, உன் சட்டை, நல்லாவே தெரிஞ்சுது.