பிஸ்கட்டின் விளக்கு

பிப்ரவரி மாதத்தில் ஒருத்திக்கு மூக்குத் தோல் உரிவது குற்றமில்லை. நீங்கள் என் மூக்கைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன், கான்ஸ்டபிள் தில்லான். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. என் கணவர் வாசில் போன பிறகு பேசுவதில்தான் பழக்கம் விட்டுப்போயிற்று.

நீங்கள் வான்கூவர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஸ்லோக்கன் பள்ளத்தாக்கில் குளிர்காலத்துச் சூரியன் மதியச் சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு, நாம் கை கழுவுவதற்குள் மலைக்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் இங்கே ஆள் நுழையும் துணி அலமாரிக்குள்ளும் நிலவறையிலும் விளக்குப் போட்டுக் கஞ்சா வளர்க்கிறோம். வீட்டுக்கு நாலு செடிவரை சட்டமே அனுமதிக்கிறது. எங்கள் வீட்டு அலமாரியில் ஒன்றுதான் இருந்தது. வாசில் இறப்பதற்கு முன், பழைய செடியிலிருந்து கிளை வெட்டி, பதியன் போட்டுவிட்டுப் போனது.

பிப்ரவரிக் கடைசியில் ஊர் மன்றத்தில் நடக்கும் கஞ்சாப் பூப்போட்டியில் பரிசு ஒரு மரக்கரண்டி. எங்கள் ரஷ்யப் பாட்டன்மார் கல்யாணச் சூப்பைக் கிளறிய கரண்டி. வென்றவரின் பெயரை அதன் காம்பில் செதுக்குவார்கள். வாசிலின் தம்பி நிக்கின் பெயர் அதில் ஏணிப்படி மாதிரி மேலிருந்து கீழே இறங்குகிறது. வாசிலின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவர் எப்போதும் இரண்டாமிடம்.

நிக்கின் இரகசியம் புற ஊதா விளக்கு. அதை அவன் இரகசியமாக வைத்திருக்கவுமில்லை.

"அண்ணி, சும்மா வெளிச்சம் காட்டினா செடி சோம்பேறியாயிடும். மலையுச்சி வெயில் மாதிரி லேசா சுடணும். அப்பதான் பயந்துபோய்ப் பிசினைச் சுரந்து மேல பூசிக்கும். நாம கடற்கரையில களிம்பு பூசிக்கிறோமில்ல, அந்தக் கதைதான்."

"பயமுறுத்தி வாங்கின பூவை எவன்டா இழுப்பான்?" என்பார் வாசில்.

"ஜட்ஜுங்க இழுக்கிறாங்களே அண்ணா. வருஷா வருஷம்."

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வாசில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "லுஷா, பூக்கிற கடைசி நாள்ல அந்த ஊதா விளக்கை நாமளும் ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கலாம்." இதை அவருடைய கடைசி ஆசை என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அவர் கடைசியாகச் சொன்னது சூப்பில் உப்பு குறைவு என்பது. அதை வைத்துக்கொண்டு ஒரு விதவை என்ன செய்ய முடியும்.

அந்த விளக்கு எங்கள் ஊரில் செல்லப்பிராணிக் கடையில்தான் கிடைக்கும். ஓணான் வளர்ப்பவர்களுக்காக வைத்திருப்பது. ஜனவரியில் நான் போனபோது அலமாரி காலி. கடைக்காரர் சிரித்தார்.

"இந்த ஊர்ல ஓணான் வெச்சிருக்கிறவங்க மூணு பேரும்மா. ஓணான் விளக்கு வாங்கினவங்க அறுபது பேரு. கடைசி மூணும் உங்க கொழுந்தனார்தான் எடுத்துட்டுப் போனாரு."

ஊரில் மிச்சமிருந்த ஒரே நல்ல விளக்கு, நூலகத்தில் குழந்தைகள் பகுதியில், பிஸ்கட் என்கிற தாடி ஓணானின் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. பெயர் வைத்தது குழந்தைகள், ஓட்டுப் போட்டு. கதை நேரத்தில் எல்லோரும் ஒரு கரடியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது விளக்கைக் கழற்றிப் பின்னல் பைக்குள் கம்பளி நூலுக்கு நடுவில் வைத்தேன். நூலகத்தில் எடுத்ததைத் திருப்பித் தருவது என் வழக்கம். அது இரவல்தான்.

அடுத்த வாரம் போனபோது நூலகர் டோரின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிஸ்கட் சாப்பிட மாட்டேங்குது லுஷா அக்கா. அந்த வெளிச்சம் இல்லைன்னா எலும்பே வளைஞ்சுபோகுமாம். புது விளக்கு வர ஒரு மாசமாகும்னு சொல்றாங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. விளக்கு பிஸ்கட்டினுடையது. இரண்டையும் பிரித்தது என் தவறு. தவறைத் திருத்த இரண்டு வழிகள் இருந்தன. விளக்கைப் பிஸ்கட்டிடம் கொண்டுபோகலாம், அல்லது பிஸ்கட்டை விளக்கிடம் கொண்டுவரலாம். வாசிலின் கம்பளித் தொப்பி அன்று என் கையில் இருந்தது. ஓணான் அதற்குள் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

நாங்கள் இறைச்சி தொடாத மக்கள். எங்கள் முன்னோர் தங்கள் துப்பாக்கிகளையெல்லாம் குவித்து எரித்துவிட்டு, இனி எந்த உயிரையும் கொல்வதில்லை என்று கடல் தாண்டி வந்தவர்கள். பிஸ்கட்டுக்கோ உயிருள்ள சுவர்க்கோழிப் பாச்சைகள் வேண்டும். நான் ஒரு பாச்சையையும் கொல்லவில்லை. கிண்ணத்தைத் திறந்து வைத்துவிட்டு அலமாரிக் கதவைச் சாத்திவிடுவேன். உள்ளே நடந்தது அவர்களுக்குள்.

பிஸ்கட்டைத் தேட ஊரே கிளம்பியது. குழந்தைகள் கம்பத்துக்குக் கம்பம் படம் ஒட்டினார்கள். தேடுகிறவர்களுக்கு நான் உருளைக்கிழங்கு வைத்து பிரஹி ரொட்டி சுட்டுக்கொண்டு போனேன். அப்போதுதான் டோரின் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"என்னக்கா, மூக்கெல்லாம் சிவந்து உரியுது? மெக்சிகோ போயிட்டு வந்தீங்களா?"

"அழுது அழுது துடைச்சது," என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். நன்றாக இருந்தது.

நிக்கைப் பற்றி நான் பொய் சொல்லவில்லை. "சூட்டைத் தேடிப் போற பிராணி. நிக் வீட்டுல மூணு ஊதா விளக்கு எரியுது," என்று ஒரு வாக்கியம் சொன்னேன். அதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எல்லோருமாக நிக் வீட்டுக்குப் போய், வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு, அந்தக் கடுங்குளிரில் அவன் செடி வளர்க்கும் கூடாரத்தின் மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். மறுநாள் அவன் செடிகள் வேகவைத்த கீரை மாதிரி தொங்கின. பிஸ்கட் அகப்படவில்லை. நிக் அதைச் சூப்பு வைத்துவிட்டான் என்று யாரோ கிளப்பினார்கள். அது நானல்ல. என்னிடம் வந்து கேட்டவர்களிடம், "அவன் சின்ன வயசுலேருந்தே சூப்புப் பிரியன்," என்று மட்டும் சொன்னேன்.

கடையில் அவனுக்கு யாரும் வணக்கம் சொல்லாமல் போனார்கள். ஒருநாள் என் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, நீங்களாவது நம்புறீங்களா? நான் முட்டைகூடச் சாப்பிடமாட்டேன்!"

"நான் நம்புறேன்டா," என்றேன். அதுவும் உண்மை. உள்ளே கூப்பிட முடியவில்லை. அலமாரியிலிருந்து பாச்சைகள் கத்திக்கொண்டிருந்தன.

பிறகு குழந்தைகளின் மன ஆறுதலுக்காக நூலகத்திலேயே பிஸ்கட்டுக்கு ஓர் அடக்கச் சடங்கு வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி மேசையில் ரொட்டி, உப்பு, தண்ணீர். காலிப் பெட்டியின் மேல் ஒரு பூத்துவாலை. பிரார்த்தனைச் சங்கீதம் பாட என்னைக் கூப்பிட்டார்கள். வாசிலின் சாவுக்கு நான் பாடியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். மறுக்க முடியுமா? அன்று காலை பனிப் பாரத்தில் மின்கம்பி அறுந்து வீடு ஐஸ்பெட்டியாகிவிட்டது. பிஸ்கட்டை அந்தக் குளிரில் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை. ஆகவே கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் அடிவரை நன்றாகத்தான் போயிற்று. டோரின் விம்மினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு மேல்சுதிக்குப் போனபோது வயிற்றருகே ஒரு நெளிவு. தாடி ஓணான்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய கூட்டத்தைக் கண்டால், நான் சாது, என்னை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்கிற மாதிரி ஒரு கையை உயர்த்தி மெல்ல ஆட்டும். அது எனக்குத் தெரியும். என் இரண்டாம் பொத்தானுக்கும் மூன்றாம் பொத்தானுக்கும் இடையில் அது நடக்கும் என்றுதான் நான் நினைக்கவில்லை.

யாரும் சேர்த்துக்கொள்ளாமல் கடைசி வரிசையில் தனியாக நின்ற நிக்தான் முதலில் பார்த்தான்.

"அண்ணி," என்றான், சத்தம் போடாமல். "உங்க கோட்டு எனக்கு டாட்டா காட்டுது."

நான் அந்த அடியைப் பாடி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். பாதியில் விடுவது மரியாதையில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். டோரின் இன்னும் என்னோடு பேசவில்லை. மரக்கரண்டியில் இந்த வருடம் ஏறியிருப்பது ஊருக்குப் புதிதாக வந்த பல் வைத்தியரின் பெயர். இவ்வளவும் வாசிலின் பெயருக்காகத்தான் செய்தேன் என்று நான் சொன்னபோது நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். நல்ல வளர்ப்பு. பிறகு, "அந்தச் செடியைப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்தீர்கள்.

செடி எப்போது கருகியது என்று நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். விளக்கை மிகவும் கிட்டத்தில் கட்டிவிட்டேன். முதல் வாரமே இலையெல்லாம் பொரித்த அப்பளமாகிவிட்டது. ஆமாம், வாசிலின் தொப்பியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போவதற்கு முன்னாலேயே. தேடுதலுக்கும், நிக்குக்கும், சடங்குக்கும் முன்னால்தான். மிஞ்சியது வெறும் தண்டு. அவருக்கு ஏறி உட்கார அது வசதியாக இருந்தது.

உள்ளே எதற்கு ஒரு நாற்காலி என்று கேட்டீர்கள். ஹாக்கி ஆட்டத்தை வானொலியில் தனியாகக் கேட்க அவருக்குப் பிடிக்காது, நானும் அந்த ஊதா விளக்கடியில் மூக்கு உரிய உரியக் கூட உட்கார வேண்டும். எங்கள் அணி கோல் போட்டால் தாடி கறுத்துவிடும். நான் ஏதாவது சொன்னால் தலையை ஆட்டுவார். நாற்பது வருடத்தில் அவர் இவ்வளவு கவனமாக நான் சொன்னதைக் கேட்டதேயில்லை.

நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். நிக்கிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்பேன். விளக்கையும் நூலகத்தில் பிஸ்கட்டின் பெட்டிமேல் பழையபடி கட்டிவிட்டேன். டோரினிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: புதன்கிழமை ஆட்டத்துக்கு வானொலியைப் போட்டுவிடட்டும், இல்லையென்றால் வாசில் சாப்பிட மாட்டார்.