நான்காம் எண் பதிலின் மூன்றாம் வரி

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

விசாரணையன்று அந்த அறையில் மின்விசிறி ஓடவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் அது விடுபட்டிருக்கிறது. பெரிய பிழை இல்லைதான். ஆனாலும் குறிப்பென்றால் முழுசாக இருக்க வேண்டும் என்பதால், யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மேசையின் தலைப்பக்கம் தாங்கள். வலப்புறம் எங்கள் மேலாளர், அவரை ஒட்டி வழக்கறிஞர். இடப்புறம் பரிசோதனைக்கூடத்து அம்மா, நாற்காலியின் நுனியில். எதிரே சுவரோரம் இறந்துபோன சிறுவனின் தாய், மடியில் ஒரு துணிப்பை. நான் கதவுக்குப் பக்கத்தில், கோப்பு அலமாரியின் நிழலில். தாங்கள் என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

குறிப்பின் நகல் நேற்றுக் கைக்கு வந்தது. ஐந்தாம் பத்தியில், பிஸ்கட்டில் இனிப்புக்குச் சேர்க்கும் சிரப் மாறியதைப் பரிசோதனைக்கூடம் மற்றப் பிரிவுகளுக்குத் தெரிவிக்கத் தவறியது என்று இருக்கிறது. ஆறாம் பத்தியில், "கடிதப் பிரிவு எழுத்தரின் கவனக்குறைவால் பழைய பதிலே அனுப்பப்பட்டுவிட்டது" என்று இருக்கிறது. கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இருபத்தாறு வருடமாக இந்த பிஸ்கட் கம்பெனிக்கு வரும் கடிதங்களுக்கு நான்தான் பதில் எழுதுகிறேன். காலையில் வந்த கடிதத்துக்கு மாலை நான்கு மணித் தபாலில் பதில் போய்விடும். அதனால் ஆலையில் எனக்கு நாலுமணியார் என்று பெயர். கேலிதான். ஆனால் கேலி பண்ணியவர்களின் மேசையில் போன மாதக் காகிதம் இன்னும் கிடக்கும்.

கேள்விகள் என்னவோ ஒரே மாதிரிதான் வரும். அதனால் பதில்களை எண் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று, உடைந்த பிஸ்கட். இரண்டு, பெட்டியில் எறும்பு. மூன்று, பாராட்டு. நான்கு, சிரப். பிஸ்கட்டில் சிரப் ஊற்றுகிறீர்களாமே, உடம்புக்கு ஆகுமா, பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று வாரத்துக்குப் பத்துப் பேராவது கேட்பார்கள். எங்கேயோ எதையோ அரைகுறையாகப் படித்துவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எழுதுகிறவர்கள். அவர்களுக்காக நான் எழுதியது நான்காம் எண். அதன் மூன்றாம் வரி: "எங்கள் தயாரிப்பில் எந்த மாற்றமும் இல்லை, எந்தக் குழந்தைக்கும் எள்ளளவும் அஞ்சாமல் கொடுக்கலாம்." மேலாளர் அதைப் படித்துவிட்டு, "என்னய்யா, தாலாட்டு மாதிரி இருக்கு" என்றார். எட்டாம் வகுப்பில் கடிதம் எழுதும் போட்டியில் பரிசு வாங்கியபோதுகூட அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

குறிப்பின் ஐந்தாம் பத்தி தவறு. பரிசோதனைக்கூடத்து அம்மா தெரிவித்தார். என்னிடம்தான் தெரிவித்தார். மார்ச் பதினொன்றாம் தேதி, பதினொன்றரை மணிக்கு, கையைத் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, நாலாம் நம்பரை மாத்திடுங்க. குழந்தை பிஸ்கட்டுக்கு இதுவரைக்கும் குளுக்கோஸ் சிரப் போட்டோம். இந்த வாரத்துலேர்ந்து ஃபிரக்டோஸ் சிரப். அதுல இனிப்பு தூக்கல்."

"பெட்டியில் சிரப் என்றுதானே போட்டிருக்கிறது. இரண்டும் சிரப்தானே அம்மா" என்றேன்.

"நமக்கெல்லாம் சர்க்கரை மாதிரிதான், அளவா தின்னா ஒண்ணும் பண்ணாது. ஆனா ஆயிரத்துல பத்தாயிரத்துல ஒரு பிள்ளைக்குப் பிறவியிலேயே அது ஒத்துக்காது. பழம் ஆகாது, தேன் ஆகாது, சர்க்கரையும் ஆகாது. கல்லீரல் போயிடும். அந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு டாக்டருங்களே நம்ம பிஸ்கட்டைத்தான் எழுதிக் குடுக்கறாங்க."

"எந்த வரியை எடுக்க வேண்டும்?"

"மூணாவது வரி, அண்ணே. முழுசா."

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன். மூன்றாம் வரியை எடுத்துவிட்டால் இரண்டாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் ஒட்டே இல்லை. எட்டுத் தாளில் எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். "சில குழந்தைகளைத் தவிர" என்று சேர்த்தால் ஓசை அங்கேயே முடமாகிவிடுகிறது. எட்டுத் தாளையும் தேதி போட்டு வைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் அனுப்புகிறேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி அந்தத் தாயின் முதல் கடிதம் வந்தது. மூன்று பக்கம். மகனுக்கு மூன்று வயது, பரிசோதனைக்கூடத்து அம்மா சொன்ன அதே பிறவிக் குறை. ஒரு வருடமாக எங்கள் பிஸ்கட்தான் அவனுக்குப் பாதி ஆகாரம். இப்போது திடீரென்று வேண்டாம் என்கிறான், "இனிக்குது, இனிக்குது" என்று துப்புகிறான். ஏதாவது மாற்றினீர்களா, மாற்றியிருந்தால் தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள், உடனே நிறுத்திவிடுகிறேன் என்று கேட்டிருந்தார். கேள்வி மிகத் தெளிவாக இருந்தது. சிரப் பற்றிய கேள்விக்கு நான்காம் எண். அன்றே நான்கு மணிக்கு அனுப்பினேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"பச்சப்புள்ள வேண்டாம்னா வேண்டாம்தான். அதுக்கு எதுக்குக் கடுதாசி?" என்றாள்.

"அந்த அம்மாவுக்கு மனசு குழம்பியிருக்கிறது. தெளிவுபடுத்த வேண்டாமா?"

"பிள்ளை நாக்கை விடவா உங்க கடுதாசி?"

என் மனைவிக்கு எழுத்தின் அருமை தெரியாது. மளிகைச் சீட்டையே நான்தான் எழுத வேண்டும்.

பத்தாம் தேதி இரண்டாவது கடிதம். இது ஒரே பக்கம். பையன் பிஸ்கட்டைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைக்கிறான், சாப்பிட்டால் வாந்தி, சாப்பிட்டபின் வெலவெலத்துப் போகிறான். "மாற்றம் இல்லை என்று நீங்கள் எழுதியதால், பிள்ளை அடம் பிடிக்கிறான் என்று வாயைப் பிடித்து ஊட்டுகிறேன். என் மாமியார் திட்டுகிறார். இன்னும் ஒரே ஒரு முறை உறுதியாகச் சொல்லிவிடுங்கள் ஐயா."

ஐயா என்று எழுதியிருந்தார். கம்பெனிக்கு என்று எழுதாமல், பதில் எழுதியவனுக்கு என்று எழுதிய கடிதம் இருபத்தாறு வருடத்தில் அது ஒன்றுதான். அதற்கு அச்சடித்த தாளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் கைப்பட எழுதினேன். மூன்றாம் வரி அப்படியே இருக்க, கீழே இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்தேன்: "குழந்தைகள் அடம் பிடிப்பது இயல்பு, அம்மா. கோபப்படாமல் அன்போடு ஊட்டுங்கள்."

பதினான்காம் தேதி பையன் இறந்துபோனான். மூன்றாவது கடிதம் வரவில்லை. வந்திருந்தால் அதற்கும் அன்றே பதில் போயிருக்கும்.

விசாரணையன்று அந்தத் தாய் முதல் பதிலை மட்டும்தான் தங்களிடம் கொடுத்தார். பையில் இன்னொன்று இருக்கிறதே என்று தாங்கள் கேட்டபோது, "அது எனக்கு வந்த கடுதாசி சார். எல்லாரும் என்னைத் திட்டுனப்ப அவர் ஒருத்தர்தான் ஆறுதலா எழுதுனாரு" என்று பையை இறுக்கிக்கொண்டார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தைப் பார்த்தேன். மடிப்புக் கலையாமல் கண்ணாடித்தாள் உறையில் போட்டு வைத்திருந்தார். சொந்தக்காரர்கள்கூட என் கடிதத்தை அப்படிப் பத்திரப்படுத்தியதில்லை.

அப்போது பரிசோதனைக்கூடத்து அம்மா என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேன் சார், யார்கிட்ட சொன்னேன்னு அவரே சொல்லட்டும்" என்றார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவருக்கு வேலை போய்விடும் என்று பேசிக்கொள்கிறார்கள். நல்ல பெண்மணி, கையெழுத்துத்தான் சுமார்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஆறாம் பத்தியில் கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, "தெரிந்தே" என்று எழுதிக்கொள்ளுங்கள். சிரப் மாறியது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது விஷம் என்று தெரியும். மூன்றாம் வரி பொய்யென்று தெரியும். மூன்றும் தெரிந்துதான், இரண்டு முறையும் நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். கைப்பட எழுதிய பதிலின் கார்பன் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் ஒரு சொல்லாவது கவனமில்லாமல் விழுந்திருக்கிறதா என்று தாங்களே பார்க்கலாம். என்னைக் கொலைகாரன் என்று சொல்வார்கள் என்றால் சொல்லட்டும், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. கவனமில்லாதவன் என்று மட்டும் எழுத்தில் இருக்கக் கூடாது.

மணி மூன்று ஐம்பது. தபால் பையைக் கட்ட வந்துவிட்டார்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. கடைகளில் இருக்கும் பெட்டிகளைத் திரும்பப் பெறுவது பரிசீலனையில் இருப்பதாகக் குறிப்பின் பத்தாம் பத்தி சொல்கிறது. நான்காம் எண்ணை நிறுத்தும்படியும் எழுத்துமூலமாக எனக்கு இதுவரை உத்தரவு வரவில்லை. இன்று காலைத் தபாலில் வேறொரு தாயின் கடிதம் வந்தது. பெண் குழந்தை, இரண்டு வயது, அதே பிறவிக் குறை. பிஸ்கட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம், ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டிருக்கிறார். அவருக்கான பதில் உறையை முதலில் ஒட்டிப் பையில் போட்டுவிட்டேன். இனித்தான் தங்களுடையதை ஒட்ட வேண்டும். இன்றைய பை போய்விட்டாலும் தாங்கள் ஒரு நாள் பொறுத்துக்கொள்வீர்கள். பெற்றவளைக் காக்க வைக்க எனக்கு மனசு கேட்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடிதப் பிரிவு எழுத்தர்