அருவிச் சத்தத்தை வென்ற அலைபேசி

சாரலுக்கு அஞ்சாமல் அவைத்தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி அவர்களே! செங்கோட்டையிலிருந்தும் வடகரையிலிருந்தும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! சேலை நனைந்தும் இடத்தைவிட்டு எழாத தாய்மார்களே! குடைக்குள் மூன்று பேராக நிற்கும் தம்பி தங்கையரே! குளிரில் கூப்பிய கைகளோடு உங்களை வணங்குகிறேன்.

நான் தென்காசியில் திரையரங்கு நடத்துகிறவன். கைபேசியைக் கண்டாலே கரித்துக் கொட்டியவன். என் நாற்காலிகளைக் காலியாக்கிய நாசகாரக் கருவி என்று நாள்தோறும் ஏசியவன். அப்படிப்பட்டவனைக் கைபேசியைப் பாராட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் என்ன கைதட்டல்? நான் மாறிய கதையைக் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்!

முன்பெல்லாம் படம் எடுக்க என்ன வேண்டும்? கேமரா வேண்டும், கிரேன் வேண்டும், சென்னையில் செல்வாக்கு வேண்டும். இந்தக் குற்றாலத்து மஞ்சுவிடம் என்ன இருந்தது? ஒரே ஒரு ஸ்மார்ட்போன் இருந்தது. அந்தப் பிள்ளை அதிலேயே எழுதினாள், அதிலேயே எடுத்தாள், அதிலேயே வெட்டினாள், அதிலேயே ஒட்டினாள்! கதாநாயகன் யார்? அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் அவள் சித்தப்பா சுடலைராஜ்.

ஊரில் எல்லாரும் வெயில் பார்த்துப் படம் எடுப்பார்கள். இவர்களோ வெள்ளம் பார்த்து எடுத்தார்கள். குளிக்கத் தடை என்று காவலர் கயிறு கட்டினால்தானே சித்தப்பாவுக்கு ஓய்வு? தடை வந்தால் படப்பிடிப்பு. தடை நீங்கினால் எண்ணெய்க் கிண்ணம். இப்படியே பன்னிரண்டு குட்டி அத்தியாயங்கள்! கைபேசித் தொடர் வெளியிடும் சென்னை நிறுவனம் ஒன்று பார்த்துவிட்டுச் சொன்னது: "நடிப்பு அருமை. ஆனால் ஒரு பேச்சும் கேட்கவில்லை, பின்னால் அவ்வளவு சத்தம். ஐந்து நாளில் சரிசெய்யாவிட்டால் வேறு தொடரை எடுத்துக்கொள்வோம்."

மஞ்சு திகைத்தாள். "என்ன சத்தம் சித்தப்பா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

"எனக்கும் கேக்கலைட்டி. மெட்ராஸ்காரன் காதுல என்னமோ கோளாறு!"

சிரிக்காதீர்கள்! பிறந்ததிலிருந்து அருவிக்கரையில் வாழும் காது, பொங்கும் அருவியையும் ஒரு சத்தமாகவா எண்ணும்?

விவரம் புரிந்ததும் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, காலைல உங்க தியேட்டரைத் தருவியளா? சத்தமில்லாத எடம் இங்கன வேற எங்க இருக்கு? குரலை மட்டும் போன்லயே பேசி எடுத்துருவோம்."

யாரிடம் கேட்கிறாள் பார்த்தீர்களா! ஆனாலும் அந்தக் கண்ணீரைப் பார்த்து மறுக்க மனம் வரவில்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

நான்கு நாளில் மற்றவர்கள் பேசி முடித்தார்கள். ஐந்தாம் நாள் சித்தப்பாவின் முறை. அன்றைக்குப் பார்த்துத் தடை நீங்கியது! அதுவும் ஞாயிற்றுக்கிழமை! சீசன் ஞாயிறு எண்ணெய் தேய்ப்பவருக்கு எவ்வளவு பெரிய வருமானம் என்று இந்த ஊருக்கா நான் சொல்ல வேண்டும்? மணி எட்டு. வரவில்லை. மணி ஒன்பது. வரவில்லை. மஞ்சு வாசலையே பார்த்தபடி நின்றாள். பத்தரைக்கு வந்தார் சுடலைராஜ், இடுப்பில் ஈரத்துண்டோடும் முழங்கை வரை எண்ணெயோடும்!

"நாலு பேருக்குத் தேய்ச்சேன்ட்டி, மனசு ஓடலை. எடு போனை!"

அந்த எண்ணெய் விரலுக்குக் கைபேசித் திரை அசைந்ததா? அசையவில்லை. மஞ்சு வசனத்தை நகர்த்திக் காட்ட, அவர் பேசினார். வாசலில் பதினோரு மணிக் காட்சிக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். தொழில் தொடங்கிய நாள் முதல் ஒரு காட்சியைக்கூடத் தாமதிக்காத நான், அன்று ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன். எந்த ஸ்டுடியோ அந்த மனிதரை நாயகனாக்கியிருக்கும்? எந்த முதலாளி அந்தப் பிள்ளையை இயக்குநராக்கியிருப்பார்? நான் ஏசிய கருவியல்லவா ஆக்கியது! கண் கலங்கிவிட்டேன் ஐயா, சொல்ல வெட்கமில்லை.

அந்தத் தொடர் இன்று, இந்த நிமிடம் வெளியாகிறது. 'கைபேசியை அணைத்து வையுங்கள்' என்று காட்சிக்குக் காட்சி போடுகிறவன் கேட்கிறேன்: எடுங்கள் கைபேசியை! ஏற்றுங்கள் ஒலியை! இதோ, சுடலைராஜ் பேசப் போகிறார். கடைசி வரிசைத் தாய்மார்களே, கேட்கிறதா? உரக்கச் சொல்லுங்கள், கேட்கிறதா?

கேட்கிறதாம் மஞ்சு! கேட்கிறதாம்!

நனைந்தபடி கேட்ட நல்லவர்களே, நன்றி. வணக்கம்.