தொட்டிலில் துரைசாணி போர்வை

அட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு கைப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஏற்றம் முழுக்க எஞ்சின் இரைச்சலில் அவர்கள் பேசியது எதுவும் கேட்கவில்லை. இறக்கம் வந்ததும் என் காதில் விழுந்தது இதுதான்:

“பங்களாவுல துரைசாணி தைக்கக் குடுத்த போர்வையைத் தொட்டில்ல போட்ட பொறகுதான் ஊசி ஒடையிறது நின்னுச்சுக்கா.”

மூத்தவள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

“பிள்ளை தூங்குற தொட்டில்லயா?”

“வேற என்ன செய்யச் சொல்றீங்க? பஞ்சு வச்ச போர்வை, அம்புட்டு கனம். அது மேல பூப்பூவாத் தைக்கணும்னா, மெஷின்ல துணியை அமுக்குற காலைக் கழட்டிட்டு, ரெண்டு கையாலயும் துணியைச் சுத்திச் சுத்தி ஓட்டணும். போர்வை தரையில தொங்குனா அந்தப் பாரமே இழுத்து ஊசியை ஒடைச்சிடுது. அதான் தொட்டிலை மெஷின் பக்கத்துல, அதே ஒசரத்துக்குக் கட்டிட்டேன். இப்ப இழுக்காம வருது.”

“அப்ப பிள்ளையை எங்க போட்ட?”

“போர்வை மேலதான். நான் துணியை ஓட்ட ஓட்ட தொட்டில் தானா ஆடுது. அவன் பாட்டுக்குத் தூங்குறான்.”

“அடிப்பாவி. துணியோட சேந்து அவனும் ஊசிகிட்ட வந்துட்டா?”

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒரு தடவை வந்துட்டான்கா. சட்டையை மட்டுந்தான் தச்சிட்டேன்.”

மூத்தவள் கையை நீட்டி, தூங்கும் பிள்ளையின் சட்டையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். கீழ்விளிம்பில், சிவப்பு நூலில், பாதிப் பூ ஒன்று இருந்தது.