ஏரம்பு விதானையார் சொல்லி முடிக்காத வசனம்

அவைத் தலைவர் அவர்களே, மேடையிலே அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த களைப்போடும் அமரர் வீட்டு முற்றத்தை நிறைத்திருக்கும் ஊரவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பக்கத்துக் கிராமத்துத் தலைமைக்காரன், விதானை தேவராசா. உங்கள் விதானையார் அமரர் ஏரம்பு அவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டிலே என்னோடு ஒன்றாக உத்தியோகம் ஏற்றவர். நான் அழுது பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் சிரிப்பு? "நான் என்ன சொல்லுறனெண்டால், கண்டியளோ, அது வந்து..." இதைச் சொல்லிக் காட்டத் தெரியாதவர் இந்த ஊரில் ஒருவர் உண்டா? மழை வருகிறது என்று சொல்வதற்கும் அவருக்கு இவ்வளவும் வேண்டும். அவர் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் நனைந்துவிடுவோம். பெரியவருக்கும் கண்டியளோ, சின்னப் பிள்ளைக்கும் கண்டியளோ, கட்டி நிற்கும் மாட்டுக்கும் கண்டியளோ. எங்கள் மேலதிகாரி மணியகாரர் கூட்டும் கூட்டங்களில் அவர் பேச எழும்பினால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். எனக்கு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசித்தான் பழக்கம்.

அவருடைய துணைவியார் பராசக்தி அம்மா முன்வரிசையில் இருக்கிறார். முந்தாநாள் அவரே எனக்குச் சொன்னார்: "பொம்பிளை கேட்டு வந்தவர் எங்கடை ஐயாவுக்கு முன்னாலை கண்டியளோ, கண்டியளோ எண்டு நிண்டார். இவர் இண்டைக்குக் கேட்டு முடிக்கமாட்டார் எண்டு நான் உள்ளுக்கிருந்து ஓம் எண்டு சொல்லிப்போட்டன்." பாருங்கள், இப்போதும் சிரிக்கிறார். சிரியுங்கள், அம்மா. அவருக்கு அதுதான் பிடிக்கும்.

ஆனால், சபையோரே, ஒன்று மட்டும் எனக்கு நெடுநாளாக விளங்கவில்லை. என் ஊரிலே வேலிச் சண்டை வந்தால் நான் ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொல்வேன். மறுநாளே இரண்டு பகுதியும் வழக்குப் போடக் கோட்டுக்கு வண்டி கட்டும். உங்கள் ஊர்ச் சண்டைகளோ கோட்டு வாசலை மிதிப்பதே இல்லை. அது எப்படி?

குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் கிறகோரிதான் எனக்கு அதை விளக்கினார். ஒருமுறை இந்த ஊர் நாய் ஒன்று அவருடைய மீன்கூடையைக் கவிழ்த்துவிட்டது. நாய்க்காரனை அடிக்காமல் விடமாட்டேன் என்று ஓங்கிய கையோடு விதானையாரிடம் வந்தார். விதானையார் தொடங்கினார். பிறகு நடந்ததைக் கிறகோரியின் வாயாலேயே கேளுங்கள்: "அந்த மனிசன் கதைச்சு முடிக்கிறதுக்குள்ளை என்ரை கோவம் முடிஞ்சு போச்சுது, ஐயா. பிறகு பாவமாயும் கிடந்தது. வாயில்லாச் சீவன், போகட்டும் எண்டுதானே சொல்ல வாறியள் எண்டு நானே கேட்டன்." உடனே விதானையார் முகம் மலர்ந்து, "ஓம், அதைத்தான், கண்டியளோ, நான் சொல்ல வந்தனான்" என்றாராம்.

அப்போதுதான் எனக்கு வெளித்தது. அவர் ஒருநாளும் தீர்ப்புச் சொன்னதில்லை. வசனத்தைத் தொடங்கி வைப்பார். இழுவை தாங்காமல் சண்டைக்காரன் முடித்து வைப்பான். தனக்குச் சாதகமாக முடிக்கலாமே என்பீர்கள். முயன்று பாருங்கள். அந்தக் கள்ளமில்லாத மனிதர் உங்கள் வாயையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஓர் அநியாயத்தை அவர் சொல்ல வந்ததாகச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஒருநாள் சுன்னாகம் சந்தையில் அவரை மறித்தேன். "நீர் வேணுமெண்டுதானே இப்பிடி இழுக்கிறீர்?" என்று கேட்டேன். "நான் என்ன சொல்லுறனெண்டால், கண்டியளோ, அது வந்து..." என்று தொடங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது. "சரி, உமக்கே தெரியாது எண்டு சொல்லும்" என்றேன். "ஓம், அதைத்தான்" என்றார். இன்றுவரை எனக்கும் தெரியாது.

இனிச் சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கடைசியாகப் போனது வடக்குத் தோட்டத்துப் பங்குக் கிணற்றடிக்கு. இரத்தினம்மாவுக்குச் சீதனமாக வந்த பங்கும், அவருடைய மச்சான் சண்முகநாதனுக்குப் பரம்பரையாக வந்த முதுசப் பங்கும் அந்த ஒரே கிணற்றில்தான். கோடையில் காலைத் தண்ணீர்தான் தண்ணீர். பின்னேரம் இறைக்கிற பட்டை சேற்றைத்தான் அள்ளும். காலை இறைப்பு யாருக்கு என்று இரண்டு வீட்டாரும் மண்வெட்டியோடு நின்றார்கள். விதானையார் தொடங்கினார். ஆனால் பாதியிலே அவருக்கு நெஞ்சை அடைத்தது. "நாளைக்கு வாறன்" என்று சொல்லிப் போனவர் விடியுமுன் கண்ணை மூடிவிட்டார். அன்றிலிருந்து தண்ணீர் இறைக்க அந்தத் துலாவில் ஒருவரும் ஏறவில்லை. வெங்காயம் வாடிக் கிடக்கிறது. இன்னும் இரண்டு நாள் போனால் இரண்டு வீட்டுக்கும் ஒன்றும் மிஞ்சாது.

புதிய விதானை வரும்வரை இந்த ஊரையும் பார்க்கும்படி மணியகாரர் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்த வழக்கு இப்போது என் கையில். என் வழக்கப்படி ஒரே வசனத்தில் வெட்டிவிடலாம். நாளைக்கே இரண்டு வண்டி கோட்டுக்குப் போகும். அந்தப் பெரிய மனிதருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவா?

இரத்தினம்மா அந்தப் பந்தற்காலடியில் இருக்கிறார். சண்முகநாதன் வாசற் படலைப் பக்கமாக நிற்கிறார். உங்கள் இருவருக்கும்தான் சொல்கிறேன். குரல் இரவல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன சொல்லுறனெண்டால், கண்டியளோ, அந்தக் கிணத்துத் தண்ணி இருக்கல்லோ, அது வந்து...

அது வந்து...

அவசரமில்லை. நான் நிற்கிறேன்.

என்ன, இரத்தினம்மா? எழும்பிச் சொல்லும், பிள்ளை. எல்லாருக்கும் கேட்கட்டும். "காலமைத் தண்ணியை மச்சான் எடுக்கட்டும்" என்கிறீரா? சண்முகநாதன், நீர் ஏன் தலையை ஆட்டுகிறீர்? "வேண்டாம் மச்சாள், ஒருநாள் நீங்கள், ஒருநாள் நான்." நல்லது. நாளை விடிய மச்சாளின் முறை, துலா மிதிக்க நீரே போவீர் என்கிறீர். அப்படித்தானே?

பராசக்தி அம்மா, கேட்டீர்களா? அவர் விட்டுப்போன வசனத்தை முடித்துவிட்டார்கள். அவர் வேலையை அவர் வழியிலேயே தொடர்ந்து செய்வேன் என்று இந்தச் சபை முன்னிலையில் வாக்களிக்கிறேன். இந்த வயதில் இழுத்துப் பேசப் பழகுவது கஷ்டம்தான். பழகுவேன்.

ஓம், பிள்ளைகள். அதைத்தான், கண்டியளோ, நான் சொல்ல வந்தனான்.