பம்பலப்பிட்டி வரைக்கும்

…அவன் ஹமீட் என்னை நல்லா ஏமாத்திப்போட்டான் தம்பி. நீங்கள் மேல்வீட்டுக்குப் புதுசா வந்தனீங்கள், உங்களுக்குத் தெரியாது. மற்றும்படி இந்த லேனில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். தெமட்டகொடையில அவன்ர பழைய வாகனக் கடையில போய் எடுத்தனான் இந்த மோட்டார் சைக்கிளை. பாத்துத்தான் எடுத்தனான். ஹோர்ன் அடிச்சுப் பாத்தன், சீற்றில இருந்து குலுக்கிப் பாத்தன், நம்பரைக் கூட்டிப் பாத்தன், ஆறு வந்துது. முருகன்ர நம்பர். ராகுகாலம் கழிச்சுத்தான் வீட்ட கொண்டு வந்தனான். இதுக்கு மேல ஒரு மனிசன் என்னத்தைப் பாக்கிறது?

…இல்லை, அந்தப் பக்கத்தால போகேலாது, கொஞ்சம் பொறுங்கோ, இதை அரக்கித் தாறன். இவ வெளிக்கிட்டு வரட்டும். இண்டைக்குச் செவ்வாய்க்கிழமையெல்லே, கொச்சிக்கடை அந்தோனியார் சேர்ச்சுக்குப் போறம். நாங்கள் சைவம்தான். ஆனா என்ர மனிசி பாலேஸ்வரிக்குச் செவ்வாயெண்டா அந்தோனியார் வேணும். வெள்ளவத்தைக்கு வந்த நாள் தொட்டு பஸ்ஸில இடிபட்டுப் போனவ. பென்சன் எடுத்தவுடன நான் சொன்னன், இனி உம்மைப் பின்னால வைச்சு ராசாத்தி மாதிரிக் கொண்டு போவன் எண்டு. கொண்டு போறன்தான், பம்பலப்பிட்டி வரைக்கும். அங்க சைக்கிள் ரெண்டு இருமல் இருமிப்போட்டு நிண்டிடும். ஒவ்வொரு முறையும். போன கிழமை இவ இறங்கி பஸ்ஸில ஏறிட்டா. பஸ் என்னைத் தாண்டிப் போகேக்க, யன்னல் பக்கம் இருந்தவ, என்னைத் தெரியாத ஆள் மாதிரி மற்றப் பக்கம் பாத்தா தம்பி. இண்டைக்கும் நிண்டா இனிச் சாகும்வரை பஸ்தானாம்.

நான் பராமரிக்கேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. ஒயில் மாத்தினன், பிளக் மாத்தினன். கடல் உப்புக் காத்துக்குக் கறள் பிடிக்குமெண்டு சைலன்சருக்குத் தேங்காயெண்ணெய் பூசினன். ஓடேக்க வடை சுடுற மணம் வரும், அது வேற கதை. கோயில்ல பூசையும் செய்தாச்சு. அய்யர் முன்லைட்டில சந்தனம் வைச்சவர், அது ஒரு மழைக்கு நிக்காது. இந்தா பாருங்கோ, பெற்றோல் ராங்க் மூடி, நடுவில ஒரு குழி இருக்கு. இதுக்குள்ள அப்பினா சீமெந்து மாதிரி நிக்கும். செவ்வாயும் வெள்ளியும் குளிச்சுப்போட்டு நானே அப்பிறனான்.

ஹமீட் வரேல்லையோ எண்டு கேக்கிறியளே? வந்தவன், ரெண்டு தரம். மூடியைத் திறக்கச் சொன்னான். தான் தொடேல்லை, சாமி விசயமாம். பெற்றோல் கிடக்கோ எண்டு பாத்திட்டு, லேனைச் சுத்தி ஓடிக் காட்டினான். அவனுக்கு மட்டும் குதிரை மாதிரி ஓடுது. கராஜில திருத்திற மெக்கானிக் பாஸும் அப்பிடித்தான், மூடியைக் கண்டவுடன கும்பிட்டுப்போட்டுக் கீழ எஞ்சினை மட்டும் கழட்டிப் பூட்டினார்.

தேத்தண்ணி குடிச்சனீங்களே? எனக்கு இண்டைக்கு வெறுந் தேத்தண்ணிதான். இவ ரின்பால், அதுதான் கட்டிப்பால், ரின்னில ஒரு ஓட்டைதான் போடுவா, ரெண்டு போட்டா எறும்பு வருமாம். கவிட்டுப் பிடிச்சாக் கொஞ்சம் வரும், பிறகு நிண்டிடும். எத்தினை தரம் சொன்னனான், பால் வர ஒரு ஓட்டை, காத்துப் போக ஒரு ஓட்டை எண்டு. படிச்ச மனிசி, இந்தச் சின்ன விசயம் விளங்கேல்லை.

சரி, மோட்டார் சைக்கிள் கதைக்கு வாறன். நிண்ட இடத்தில மூடியைத் திறந்தா உஸ்ஸெண்டு ஒரு பெருமூச்சு விடும். திரும்ப மூடி உதைச்சா ஓடும். பிறகு கோட்டையில நிக்கும். அங்கயும் திறந்தா உஸ்…

என்ன தம்பி சிரிக்கிறியள்? என்னத்தைக் காட்டிறியள், மூடியையோ? சந்தனத்துக்குக் கீழயோ? பொறுங்கோ, சுரண்டிப் பாப்பம்… ஓம், ஒரு சின்ன ஓட்டை கிடக்கு. அது என்னத்துக்கு? …காத்துப் போகவோ.

காத்துப் போக.

ஐயோ தம்பி. ரின்பால்.

பாவம் ஹமீட். வெள்ளவத்தை முழுக்க அவனைக் கள்ளனெண்டு சொல்லிப்போட்டன். மெதுவாக் கதையுங்கோ, இவ படியால இறங்கிறா. கையில என்ன… சந்தனக் கிண்ணம். நான்தான் அரைக்கச் சொன்னனான், நல்லாத் தடிப்பா அரையும் எண்டு. இனி என்ன செய்ய? சொன்னா, அந்த ரின்னைத் தூக்கி மூஞ்சைக்கு முன்னால பிடிப்பா. சொல்லாட்டி, இந்தச் சந்தனமும் மூடிக்குத்தான் போகும், இவ பம்பலப்பிட்டியில பஸ் ஏறுவா. நீங்களே ஒரு வழி சொல்லுங்கோ தம்பி… தம்பி? அட, எதுக்குள்ளால போனவர் இந்தப் பெடியன்?

…இஞ்சரும், அந்தக் கிண்ணத்தை இஞ்ச தாரும். இல்லை, மூடியில வேண்டாம், இண்டைக்கு முன்லைட்டில வைப்பம், அய்யர் வைச்ச இடம்தானே. …சும்மாதான் சொல்லுறன். …மூடியை ஏன் சுரண்டினனான் எண்டோ? அது… நீர் முதல்ல ஏறும். பம்பலப்பிட்டி தாண்டினாப் பிறகு சொல்லுறன்.