எட்டு டெராபைட், சத்தமில்லாமல்

பொருள் வாங்கும்போது நான் அவசரப்படுகிறவன் இல்லை, மேடம். ஒரு மிக்சி வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்குவேன். அன்று நாகர்கோவில் கடையில் அவ்வளவு நேரம் நின்றதை மட்டும் வைத்து என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு வேண்டியிருந்தது எட்டு டெராபைட் எஸ்.எஸ்.டி. வீடியோக்களைச் சேர்த்துவைக்கிற டிரைவ். வீட்டில் இருந்த ஹார்ட் டிஸ்க் பழையது. இடம் நிறைந்தால் பழைய நாட்களை அழித்துவிட்டு அதன்மேல் புதிய நாட்களைப் பதியும். அதோடு, உள்ளே தகடு சுற்றுவதால் சத்தமும் வரும். அந்தச் சத்தம் என் மனைவி பிரிஜாவின் காதில் விழுந்துவிட்டது.

"இஞ்ச கேளுங்க, பரணுல என்னமோ கெடந்து கறுமுறுங்குது. மரநாயாக்கும். ஜெஸ்பின வரச்சொல்லட்டா? அவன் ஏறிப் பாப்பான்" என்றாள். ஜெஸ்பின் அவளுடைய தம்பி.

"வேண்டாம். நானே பாக்கேன்" என்றேன்.

பரணில் மரநாய் இல்லை. அண்டாவுக்குப் பின்னால் நான் வைத்த ரெக்கார்டர்தான் இருந்தது. ஹாலிலும் அடுக்களையிலும் படுக்கையறையிலும் நான் ஒளித்துவைத்த சின்னக் கேமராக்கள் பிடிப்பதெல்லாம் அதில் சேரும். பிரிஜாவுக்கு இது தெரியாது. சந்தேகப்பட்டு வைத்தான் என்று எழுதிவிடாதீர்கள். அவள்மேல் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

மஸ்கட்டில் எனக்குக் கேமரா பொருத்துகிற வேலை. கல்யாணமான மறுமாதமே போய்விட்டேன். பிரிஜாவை நான் அறிந்ததெல்லாம் ஃபோன் திரையில்தான். சொந்த ஊரான கருங்கலில் வீடு கட்டித் திரும்பி வந்தபோது, என் எதிரே இருந்தவள் வேறு ஆளாக இருந்தாள். சோறு வைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். நான் வெளியே இறங்கியதும் பாடத் தொடங்குவாள். தோசை கருகினால் தோசைக்கல்லைத் திட்டுவாள். பக்கத்து வீட்டு லீலாபாய் அக்காவிடம் சன்னல் வழியாகச் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். கேமரா இல்லாவிட்டால் இந்தப் பிரிஜாவை நான் பார்த்தே இருக்க மாட்டேன். சந்தைப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஃபோனில் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுடைய ஒரு நாள்கூட அழிந்துவிடக் கூடாது என்று தோன்றியது. ஆசை என்றால் இதுதானே?

கடையில் நந்தனா என்று ஒரு பெண், விவரம் தெரிந்தவள். "எதுக்கு சார் இது? கேமராவுக்குண்ணா வேண்டாம். ராவும் பகலும் எழுதிக்கிட்டே இருந்தா சீக்கிரம் தேஞ்சு போவும். ஹார்ட் டிஸ்க் போதும்" என்றாள்.

"சத்தம் கேக்கக் கூடாது" என்றேன்.

"அப்பிடிண்ணா இதுதான். இதுக்குள்ள சுத்தியதுக்கு ஒண்ணும் கெடையாது." இரண்டு கம்பெனிப் பெட்டிகளை எடுத்துவர உள்ளே போனாள். அந்த நேரத்தில்தான் ஃபோனைத் திறந்தேன்.

பிரிஜா ஹாலில் ஏணியைச் சாய்த்துப் பரணில் ஏறிக்கொண்டிருந்தாள். கையில் டார்ச். அண்டாவை நகர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு அவசரமாக இறங்கினாள். ஏணி சறுக்கியது.

தலை தரையில் மோதியது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. லீலாபாய் அக்காவைக் கூப்பிட்டாள். குரல் சன்னலைத் தாண்டவில்லை. எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடையில் ஆட்கள் நின்றதால் ஃபோனின் சத்தத்தைக் குறைத்தேன்.

லீலாபாய் அக்காவின் நம்பர் என் ஃபோனில் இருந்தது. அழைத்திருந்தால் உடனே ஓடிவந்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் நாகர்கோவிலில் நிற்கிற எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்க மாட்டார்களா? பிரிஜா எழுந்தால் முதலில் எதைச் சொல்வாள்? நிதானமாக யோசிக்க வேண்டிய விஷயம் அது. யோசித்தேன்.

நந்தனா திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். "சார், வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்ல. இதுல எதுக்கு வாரண்டி கூட?"

அவள் விளக்கினாள். நானும் கேட்டேன். நடுவில் ஃபோனைப் பார்த்துக்கொண்டேன். பிரிஜாவின் கை கொஞ்ச நேரம் தரையைத் தடவியது. பிறகு தடவவில்லை. வாரண்டி அதிகமுள்ளதை வாங்கிக்கொண்டு வழக்கமான பஸ்ஸில் வந்தேன்.

சாவி என்னிடம் இருந்தது. ஆனாலும் காலிங் பெல் அடித்தேன். ஒன்றும் தெரியாதவன் பெல்தான் அடிப்பான். சத்தம் கேட்டு லீலாபாய் அக்கா வெளியே வந்தார்கள்.

"என்ன எபிசன், பிரிஜா தொறக்கல்லியா? கொறச்சு நேரமா அவளுக்க அனக்கமே இல்லியே" என்றார்கள். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன். என்னைவிட முன்னால் அவர்கள் ஓடினார்கள். பரண் ஓரத்துக்கு வந்திருந்த அண்டாவை நான் முதலில் பழைய இடத்துக்கு எட்டித் தள்ளினேன்.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். நான் அழுதேன். அது நடிப்பு இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் புது டிரைவைக் கம்ப்யூட்டரில் பொருத்தி, எல்லா நாட்களையும் அதில் ஏற்றினேன். கடைசி நாளையும். அழித்திருந்தால் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன், தெரியும். ஆனால் அது அவளுடைய நாள், எனக்கு மனசு வரவில்லை. ரெக்கார்டரை எடுத்து மாற்றுவதற்குள், தன் அக்கா எதற்குப் பரணில் ஏறினாள் என்று பார்க்க ஜெஸ்பின் ஏறிவிட்டான். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் நீங்கள் திருத்தி எழுத வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் ஜெஸ்பின் கதறினான்: "எனக்க அக்கா ஆருமில்லாம அனாதையா கெடந்து செத்தாளே." உங்கள் ஸ்டேஷன் பேப்பரிலும் அப்படியே இருக்கிறது, வீட்டில் தனியாக இருந்தபோது என்று.

அது சரியில்லை, மேடம். அவளை நான் தனியாக விடவில்லை. மூச்சு நிற்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டேன்.